இயற்கை வைத்தியமும் நமது கடமையும்

நீரிழிவு நோயில் புதுச்சேரி இன்று பாரத தேசத்திலேயே முன்வரிசையில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசமெங்கும் எடுக்கப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, இங்கே வயது வந்த ஜனங்களில் நூற்றுக்கு 26.3 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். கோவா ஒன்றுதான், அதுவும் 26.4 என்ற எண்ணோடு, நம்மை முந்தியிருக்கிறது. தேசத்தின் சராசரி 11.4. ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருவர் வியாதியஸ்தராயிருக்கும் ஓர் ஊரில், வைத்தியத்தைப் பற்றிய பேச்சு பண்டிதர்களுக்கு மட்டும் உரிய பேச்சாக இருத்தல் முடியாது. அது பொதுஜன விவகாரமாகி விடுகிறது. ஆகவே இன்று ராஜீய விஷயங்களைச் சற்றே ஒதுக்கிவைத்து, நகரத்தில் நாளுக்கு நாள் பெயர் பெற்று வரும் இயற்கை வைத்தியம் என்பது யாது, அதில் நாம் கொள்ளத்தக்கது எவ்வளவு, தள்ளத்தக்கது எவ்வளவு என்று நமது நேயர்களோடு சிறிது ஆலோசிக்க விரும்புகிறோம்.

இயற்கை வைத்தியம் என்றவுடன் அது நமது ரிஷிகள் சொன்னது என்று சிலர் மார்தட்டுகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. பட்டினி, பத்தியம், எண்ணெய் ஸ்நானம், மிதமான உணவு ஆகியவை நமக்குப் பழமையானவையே. மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், அதில் மருந்தின் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வற்புறுத்தியிருப்பது யாவரும் அறிந்தது. ஆனால் இப்பொழுது இப்பெயரால் வழங்கும் முறை ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உருவானது. சிலேசியா மலைநாட்டில் பிறந்த பிரீஸ்நிட்ஸ் என்ற குடியானவர், இளமையில் வண்டியேறி விலாவெலும்பு முறிந்து, வைத்தியர் கைவிட்ட நிலையில் ஈரத்துணி கட்டித் தம்மைத் தாமே குணப்படுத்திக் கொண்டார். பிறகு கிராபன்பர்க் என்ற தமது ஊரில் நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அவருக்குப் பின் பவேரியாவில் நைப் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தண்ணீராலேயே பேர் பெற்றார். லைப்ஸிக் நகரத்து லூயி கூனே நமது தேசத்தில் அதிகமாய் அறியப்பட்டவர். அவருடைய நூல் 1894-இலேயே தெலுங்கில் வந்தது. பின்னர் ஹிந்தியிலும் உருதுவிலும் வந்தது. மற்றொரு ஜெர்மானியராகிய அடால்ஃப் ஜுஸ்ட் மண்ணின் மகிமையை எடுத்துரைத்தார். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை லக்ஷ்மண சர்மா இம்முறையைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அன்னிய தேசத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும், நம்முடையது என்பதற்காக ஒன்றைக் கொள்ளுவதும் ஒருங்கே பேதைமையாம்.

இம்முறையின் சித்தாந்தத்தைச் சுருக்கமாய்ச் சொல்லலாம். நோய் வெளியிலிருந்து வந்து தாக்கும் சத்துரு அன்று. தவறான உணவாலும் நடத்தையாலும் உடலில் தேங்கிய கழிவே நோய். ஜ்வரம், பேதி, சளி முதலியவை அக்கழிவைத் தள்ள உடல் செய்யும் முயற்சிகள். அவற்றை மருந்தால் அடக்குவது தவறு. உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். வைத்தியன் செய்ய வேண்டுவது அதற்கு இடங்கொடுப்பதே. மண், நீர், தீ, காற்று, ஆகாசம் என்ற ஐந்து பூதங்களே மருந்து. ஆகாசம் என்பதற்கு உபவாசம் என்று பொருள் கொள்கிறார்கள். வயிற்றில் இடம் விடுதலாகிய அது நல்ல வியாக்கியானமே.

சிகிச்சைகளைப் பார்ப்போம். இடுப்புக் குளியல் என்பது சாய்ந்து உட்காரத்தக்க ஒரு தொட்டியில், குளிர்ந்த நீர் தொப்புள் வரை நிற்க, கால்களை வெளியே நீட்டி, அடிவயிற்றை ஈரத்துணியால் வலமிருந்து இடமாக மெல்லத் தேய்த்துக்கொண்டு பத்து முதல் இருபது நிமிஷம் இருத்தல். மண் பட்டி என்பது, எருவும் குப்பையும் படாத இடத்தில் மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை வெயிலில் காயவைத்துச் சலித்து, தண்ணீரில் குழைத்து, துணியில் பரப்பி, வயிற்றின் மீதோ கண்களின் மீதோ அரைமணி நேரம் வைப்பது. நீராவிக் குளியல், சூரிய ஸ்நானம், உடம்பெல்லாம் வாழையிலையைச் சுற்றி வெயிலில் கிடத்தி வியர்க்க வைத்தல், வெந்நீர் எனிமா, எண்ணெய் பிடித்துவிடுதல் ஆகியவையும் உண்டு. உணவிலோ உப்பைக் குறைத்தல், சர்க்கரையையும் தீட்டிய அரிசியையும் விலக்கல், காய்கனிகளையும் கீரையையும் மிகுத்தல், வாரம் ஒரு வேளையோ ஒரு நாளோ பட்டினி. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருந்துக் கடையில் ஒரு காசும் செலவில்லை. ஏழைக்கு ஏற்ற வைத்தியம் என்று மகாத்மா இதைக் கைக்கொண்டதன் காரணமும் அதுவே.

மகாத்மாவின் அனுபவத்தைச் சிறிது விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் இந்நாட்டில் இயற்கை வைத்தியத்துக்கு அவரே பெரிய சாட்சியாக அழைக்கப்படுகிறார். சாட்சியை முழுதும் விசாரிக்காமல் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் பதிவு செய்துகொள்வது நியாயஸ்தலத்தில் செல்லாது.

1902-இல் பம்பாயில் அவருடைய பத்து வயதுக் குமாரன் மணிலாலுக்கு டைபாய்டு ஜ்வரம் கண்டது. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தந்தை மறுத்து, கூனே முறைப்படி இடுப்புக் குளியலும், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறும், ஈரத்துணிப் போர்வையும் கொண்டே பையனைக் காப்பாற்றினார். ஆனால் பின்னர் சுயசரிதையில் இதை விவரிக்கும்போது, பிள்ளை பிழைத்தது கடவுள் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, உணவாலும் பணிவிடையாலுமா என்று யாரால் சொல்ல முடியும் என்ற கருத்தை அவரே வெளியிடுகிறார். மற்றொன்று: 1904-இல் ஜோஹானிஸ்பர்க்கில் இந்தியத் தொழிலாளர் இருபத்து மூவருக்குப் பிளேக் கண்டது. டாக்டர் காட்பிரேயின் சம்மதத்துடன் மூன்று பேருக்கு மகாத்மா தலையிலும் மார்பிலும் ஈர மண் கட்டினார். அம்மூவரில் இருவர் பிழைத்தனர். மற்ற இருபது பேரும் மாண்டனர். பக்தர்கள் இதை எடுத்துக்காட்டாமல் ஒரு நாளும் விடுவதில்லை. ஆனால் மூன்று பேரைக் கொண்டு ஒரு விதியைக் கட்டலாகாது என்பது சாட்சிச் சட்டம் படித்த எவனுக்கும் தெரியும். அம்மூவர் எந்த நிலையில் இருந்தவர்கள், மற்றவர் எந்த நிலையில் இருந்தவர்கள் என்ற கேள்விக்கு அந்தச் சம்பவத்தில் விடையில்லை. தாம் எப்படிக் காப்பாற்றப்பட்டோம் என்பதை அந்த இருவராலும் சொல்ல முடியாது.

சாட்சியின் மறுபாதி இதோ. 1924 ஜனவரி 12-ஆம் தேதி இரவு, எரவாடா சிறையிலிருந்து பூனா ஸாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட மகாத்மா, குடல்வால் அழற்சிக்காகக் கர்னல் மாடக் என்ற ஆங்கிலேயரிடம் ரணசிகிச்சை செய்துகொண்டார். நடுவே மின்விளக்கு அணைந்ததையும் பொருட்படுத்தாது வேலை முடிந்தது. மலேரியாவுக்குக் கொயினாவையும் அவர் உட்கொண்டதுண்டு. 1909-இல் டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகச் சாடி எழுதிய அதே மனிதர் கத்திக்கு உடம்பை ஒப்புவித்தார். இதைக் கொண்டு அவரைக் குறை கூறுவாரும் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. குடல்வால் புரையோடினால் மண்பட்டி அதற்கு மருந்தன்று. அதை உணர்ந்தபோது உணர்ந்தபடி நடந்தது அவருடைய பெருமையே. அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்களே இந்த அத்தியாயத்தை மறைக்கிறார்கள்.

இனி நமது கட்சியைக் கூறுகிறோம். உணவைத் திருத்துவதிலும், உடம்பை நடக்க வைப்பதிலும், தேவையற்ற மருந்தைக் குறைப்பதிலும் இயற்கை வைத்தியர் சொன்னவற்றுள் பலவற்றை ஆராய்ச்சி உண்மையென்று நிலைநாட்டியிருக்கிறது. தீட்டிய அரிசியால் பெரிபெரி வருகிறது என்ற உண்மைக்கு வழி திறந்தது, ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர் கோழிகளிடம் கண்ட சங்கதிதான்; அதற்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நமது வியாதியாகிய நீரிழிவிலேயே பாருங்கள். பிரிட்டனில் நடத்தப்பெற்று 2017-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், நோய் கண்டு ஆறு வருஷத்துக்கு மேற்படாதவரும், இன்ஸுலின் போட்டுக்கொள்ளாதவருமான பருத்த சரீரிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 850 கலோரிக்கு மேற்படாத உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் இது நூற்றுக்கு நாலு பேர்தான். பட்டினியைப் பரிகசித்த டாக்டர்கள் வாய்மூட வேண்டிய சங்கதி இது. ஆனால் இதைச் செய்தவர்களும் டாக்டர்களே. ரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே செய்தார்கள் என்பதையும் இயற்கை வைத்தியர் மறக்கலாகாது.

இங்கேதான் ஆபத்து பிறக்கிறது. நீரிழிவு ஒன்றல்ல. சிறுவருக்கும் இளைஞருக்கும் வரும் ஒரு வகையில், கணையத்தில் இன்ஸுலின் சுரப்பதே அற்றுவிடுகிறது. அதற்குப் பட்டினிச் சிகிச்சை புதிதன்று. 1922-க்கு முன் அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர் அதைத்தான் செய்துவந்தார்; குழந்தைகள் எலும்புக்கூடாய்ச் சில மாதங்களோ சில வருஷங்களோ கூடுதலாய் உயிர் தரித்தன; அவ்வளவே. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரத்தில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதல் இன்ஸுலின் ஊசி போட்டார்கள். அதுவரை மரண தண்டனையாயிருந்த நோய் அன்று முதல் ஆயுள் முழுதும் சமாளிக்கத்தக்க நோயாயிற்று. இப்படிப்பட்ட குழந்தையின் தாயிடம், ஊசியை நிறுத்து, பழச்சாறும் மண்பட்டியும் போதும் என்று ஒருவன் சொல்வானாயின், அவன் அறியாமையால் சொன்னாலும் ஆசையால் சொன்னாலும், விளைவு சில நாட்களில் சவக்காடு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை.

கூனேயின் சித்தாந்தத்துக்கும் இவ்விடத்திலேயே எல்லை கட்ட வேண்டியிருக்கிறது. நோய் எல்லாம் ஒன்றே, கழிவே காரணம் என்று அவர் கூறிக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே, 1882-இல், க்ஷயரோகக் கிருமியைக் காக் கண்டறிந்துவிட்டார். முகத்தைப் பார்த்தே உள்ளே கழிவு எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்லும் சாஸ்திரம் ஒன்றையும் கூனே எழுதினார். ஜோசியம் பார்ப்பது போன்ற அதை இன்று கையிலெடுப்பது வீண். அம்மை குத்துவதை அவர் மரபினர் எதிர்த்தார்கள், மகாத்மாவும் எதிர்த்தார். குத்தியதால்தான் பெரியம்மை 1980-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியோர் சொன்னதிலும் பிழை உண்டு என்று ஒப்புக்கொள்வது அவர்களை அவமதிப்பதாகாது.

தண்ணீரின் மகிமைக்கு மற்றோர் உதாரணம் உண்டு. அதை இயற்கை வைத்தியரும் ஆஸ்பத்திரி வைத்தியரும் ஒருங்கே படித்தல் நலம். 1971-இல் வங்காள யுத்தத்தின்போது போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைக் குவளையால் குடிக்கக் கொடுக்கச் செய்தார், ஊட்டியவர்கள் உறவினரே. நூற்றுக்கு முப்பது பேர் வரை சாகும் நிலை மாறி நாலு பேருக்கும் குறைவாயிற்று. இதில் மருந்துக் கம்பெனி இல்லை. ஆனால் குடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து எப்படி உறிஞ்சுகிறது என்ற நுட்ப அறிவு இருந்தது. வயிற்றுப்போக்கை உடலின் சுத்திகரிப்பு என்று எண்ணி அந்த ஜனங்களைப் பட்டினி போட்டிருந்தால் பிணங்களே மிஞ்சியிருக்கும்.

சர்க்கார் என்ன செய்கிறது? மத்திய சர்க்கார் ஆயுஷ் என்ற இலாகாவை வைத்து இம்முறையைப் போஷிக்கிறது. நவம்பர் 18-ஆம் தேதி இயற்கை வைத்திய தினமும் கொண்டாடுகிறது. சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசினர் கல்லூரி நடக்கிறது. ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். அப்படிப் படித்தவர்கள் உடற்கூறும் நோய்க்குறியும் அறிந்தவர்கள். தங்கள் எல்லையை அறிந்தவர்கள். ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஸோவா ரிக்பா ஆகியவற்றை அடக்கிற்று. இயற்கை வைத்தியத்தை விட்டுவிட்டது. ஆகவே ஐந்தரை வருஷம் படித்தவருக்கும், பத்து நாள் வகுப்பில் இருந்துவிட்டு வாசலில் பலகை மாட்டியவருக்கும் வேற்றுமை காட்டத் தேசம் முழுதுக்குமான ஒரே பதிவேடு இல்லை. வாதி யார் பிரதிவாதி யார் என்றே தெரியாத வழக்கு இது. இதனால் முதலில் கெடுவது நன்கு படித்த இயற்கை வைத்தியரின் பெயரே.

மற்றொரு சங்கடமும் உண்டு. பணக்காரருக்குரிய பொழுதுபோக்காக இது மாறி வருகிறது. கடற்கரையோரங்களில் எழும்பும் விடுதிகளில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். மகாத்மா 1946-இல் பூனா நகரத்தில் டாக்டர் தின்ஷா மேத்தாவோடு ஏழைகளுக்காக ஒரு நிலையம் நடத்த எண்ணி, பட்டணத்தில் ஏழைக்கு நிலையம் அமைக்க நினைத்தது தம்முடைய மதியீனம் என்று விரைவில் ஒப்புக்கொண்டு, உருளி காஞ்சன் என்ற கிராமத்துக்குப் போனார். அந்த மார்ச்சு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தாமே நோயாளிகளைப் பார்த்தார். பிறகு அந்த வேலையை மணிபாய் தேசாய் ஏற்றுக்கொண்டார். அவர் அன்று கைவிட்ட மதியீனத்தை நாம் இன்று லாபகரமாய் நடத்துகிறோம்.

நமது ஊரின் நிலைமைக்கு வருவோம். 1823-லேயே பிரெஞ்சுக்காரர் வைத்தியப் பள்ளி ஏற்படுத்திய ஊர் இது. அதன் வழிவந்த ஜிப்மருக்குத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் ஏழைகள் பொழுது விடியுமுன் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகாதிருக்கும் வழிக்கே குறைவு. சர்க்கார் வருமானத்தில் ஒரு பெரும் பங்கு மதுவினின்றும் வருகிறது. தமிழ்நாட்டில் விலக்கப்பட்ட சாராயம் இங்கே ஏலம் விட்ட கடைகளில் விற்கப்படுகிறது. ஒரு கையால் சாராயக் கடையை ஏலம் விட்டுவிட்டு மறு கையால் சுகாதார தினம் கொண்டாடும் சர்க்காரிடம் இயற்கை வாழ்வைப் பற்றிப் பேசுவது செவிடன் காதில் சங்கூதுவதாக இருக்கலாம். ஆயினும் ஊதுகிறோம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்களே, அதனால் எத்தனை ஆயிரம் பேர் செலவில்லாமல் நடக்கிறார்கள்! அந்த ஒரு சிறிய உத்தரவு பல மருந்துச் சீட்டுகளுக்குச் சமம். அதைப் போல் முத்தியால்பேட்டைக்கும், முதலியார்பேட்டைக்கும், வில்லியனூருக்கும் ஜனங்கள் அச்சமின்றி நடக்கத்தக்க இடம் வேண்டாமா? கடற்கரை பட்டணத்தாருக்கு மட்டுமோ?

ஆகவே நாம் கேட்பது பின்வருமாறு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோறும், பட்டம் பெற்ற இயற்கை வைத்தியர் ஒருவர் ஜிப்மரிலும் பொது ஆஸ்பத்திரியிலும் உள்ள டாக்டர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்க்கு உணவும் நடையும் சொல்லிக்கொடுக்கட்டும். மருந்தைக் குறைப்பது டாக்டரின் கையெழுத்தின்றி நடக்கவே கூடாது. இப்பெயரால் தொழில் நடத்துவோரின் படிப்பைப் பிரதேச சர்க்கார் பதிவு செய்து ஜனங்கள் பார்க்கத்தக்கபடி வெளியிடட்டும். பள்ளிக்கூடத்துப் பகல் உணவில் தீட்டாத அரிசியும், கீரையும், கேழ்வரகும் அடிக்கடி வரட்டும். இவற்றுக்குப் புதிய சட்டமன்றத் தீர்மானமும் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

பிறருக்குச் சொல்லும் நாம் நமது சொந்த வீட்டையும் பார்த்துக்கொள்ளுதல் முறை. சர்க்கரையைப் பூரணமாக ஒழிப்போம், ஊசியை நிறுத்திவிடலாம் என்று கூறும் விளம்பரங்கள் பத்திரிகைகளுக்கு வாரந்தோறும் வருகின்றன. 1954-ஆம் வருஷத்து மருந்துகளும் மாய நிவாரணங்களும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம், தனது அட்டவணையில் நீரிழிவையும் புற்றுநோயையும் சேர்த்து, அவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதையும், அதைப் பிரசுரிப்பதில் பங்குகொள்வதையும் தடுக்கிறது. மண்ணும் தண்ணீரும் பட்டினியும் அச்சட்டத்தின்படி மருந்தாகுமா என்று வக்கீல்கள் ஒரு மாதம் வாதிக்கலாம். நாமே அத்தொழிலில் இருந்தவர்களாதலால் இரண்டு பக்கமும் வாதிக்க நமக்குத் தெரியும். ஆனால் சென்ற வருஷம் அப்படிப்பட்ட விளம்பரமொன்று நமது நாலாம் பக்கத்தில் மூன்று வாரம் தொடர்ந்து வெளிவந்தது. அதைப் படித்து ஊசியை நிறுத்திய ஒருவரின் மனைவி நமது காரியாலயத்துக்கு வந்து, இது உங்கள் பத்திரிகையில்தானே வந்தது என்று கேட்டார். அவருடைய கணவர் பிழைத்துக்கொண்டார். நாம் சொல்வதற்கு ஒரு பதிலும் இருக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, எந்த நோயையும் பூரணமாகத் தீர்ப்பதாகவோ, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தும்படியோ கூறும் விளம்பரம் எதையும், அது எந்த வைத்திய முறையைச் சேர்ந்ததாயினும், நாம் ஏற்க மாட்டோம். முன்பணம் கட்டியிருப்பவர்களுக்கு அது திருப்பி அனுப்பப்படும்.